நம்ம வீட்டுப் பிள்ளை

ஓர் உடம்பின் ரத்தத்தில் சமாதான அணு ஒன்றும், நோயோடு மோதும் சண்டைக்கார அணு ஒன்றும் இருந்தன. சண்டைக்கார அணு ஆத்திரத்தில் சொந்த உடம்பின்மேலேயே பாய்ந்தால், அதற்கு வரும் கஞ்சியைச் சமாதான அணு குடித்துவிடும். பசியில் கோபம் அடங்கிவிடும். முழங்கால் மூட்டை அது கடிக்கப் போனதை இப்படித்தான் இரண்டு முறை தடுத்திருந்தது.

ஒருநாள் நுரையீரலில் ஒரு கட்டி முளைத்தது. சண்டைக்கார அணு பாய்ந்தது.

"நான் இங்கயே பொறந்தவண்ணே," என்றது கட்டி.

சமாதான அணு கட்டியின் மேலிருந்த அடையாளத்தைப் பார்த்தது. உண்மைதான். "நம்ம வீட்டுப் பிள்ளைப்பா, விடு," என்று கஞ்சியைக் குடித்தது.

"அண்ணே, நேத்தைவிடப் பெருசா இருக்கான்," என்றது மறுநாள் சண்டைக்கார அணு.

"வளர்ற பிள்ளை."

சண்டைக்கார அணு பசியில் சுருண்டு படுத்தது. சமாதான அணு ஏப்பம் விட்டது. ஏனோ மூச்சு முட்டியது.

"கொஞ்சம் தள்ளி உக்காருப்பா."

"எங்கண்ணே தள்ளுறது?" என்றது கட்டி. "அந்தப் பக்கமும் நான்தானே இருக்கேன்."