கோடு அடங்கியபோது

“ஆவரேஜ் மோடுல பாரு, கோடு வெண்ணெய் மாதிரி இருக்கு. பாஸ் போட்டுட்டுக் கிளம்பேன்பா,” என்றார் மேலாளர்.

“பீக் மோடுக்கு மாத்தினா முள்ளுமுள்ளா குத்துதே சார். அப்பப்போ வர்ற குத்தை ஆவரேஜ் முழுங்கிடும். அதனால அது இல்லைன்னு ஆயிடுமா?”

சோதனைக்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மேசைமேல் இருந்த மெஷினின் மின் அலையைக் கோடாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப் திரையைப் பார்த்தான். அந்தக் குத்து எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட அவனுக்கு மனசு வரவில்லை.

“உங்கப்பா ஆஸ்பத்திரில கிடக்காருய்யா.”

“அவர் மூஞ்சில மாட்டியிருக்கிறதும் இந்த மாதிரி மூச்சு மெஷின்தான் சார். அக்கா கூட இருக்கா. இதை முடிச்சிட்டுப் போறேன்.”

“உன்கிட்ட பேசறதும் கல்லுல நார் உரிக்கிறதும் ஒண்ணு!”

ஒயரை மாற்றினான், விளக்கை அணைத்தான். குத்து வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பிறகு ஒருவழியாக அடங்கியது. அரை மணி நேரம் காத்திருந்தும் வரவில்லை. இரண்டு மோடிலும் கோடு ஒரே மாதிரி அமைதியாக ஓடியது.

“தானா வந்தது தானா போச்சு. ஓடு, அப்பாவைப் பாரு!”

மேசையில் ஒயரை ஒட்டிக் கிடந்த பையைத் தூக்கினான். சத்தத்தை அணைத்து உள்ளே போட்டிருந்த ஃபோனை எடுத்தான்.

பிற்பகல் முழுக்க அக்கா விட்டுவிட்டுக் கூப்பிட்டிருந்தாள். ஒவ்வொரு அழைப்பின் சிக்னலும் பக்கத்து ஒயரில் பாய்ந்துதான் திரையில் முள்ளாகக் குத்தியிருக்கிறது.

கடைசி அழைப்பு அரை மணிக்கு முன்னால். அதன்கீழே ஒரு செய்தி:

“இனிமே அவசரமில்லடா. மெதுவா வா.”