மறுப்பு அலுவலர்

தேசியப் பாதுகாப்புக் குழுவின் எந்த முடிவையும் ஒருவராவது மறுத்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த மறுப்பு பதிவானதுமே உத்தரவு தானாகக் கிளம்பிவிடும். பதினோரு வருடங்களாக மறுக்கும் வேலை மங்கையர்க்கரசிக்கு. கைப்பேசியில் புடவை பார்த்தபடியே "மறுக்கிறேன்" என்பார்.

இன்று தற்செயலாக நிமிர்ந்தவர், எதிரியின் ஆயுதக் கிடங்கு என்று திரையில் காட்டிய இடத்தில் ஒரு பந்தலையும், வெளியே பந்திக்குக் காத்து நின்ற கூட்டத்தையும் கண்டார்.

"சார், அது கல்யாண வீடு. வேணாம் சார்."

"பதிவாயிடுச்சும்மா," என்றார் குழுத் தலைவர்.

"இல்ல சார், இந்த வாட்டி நிஜமாவே மறுக்கிறேன்."

தலைவர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "அப்ப இத்தனை வருஷமா?"

மங்கையர்க்கரசி தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி நிமிர்ந்தபோது திரையில் பந்தல் இல்லை.