அசல் சரக்கு

மங்களேஸ்வரியின் விலை ஒரு படி தவிடு. பிள்ளையில்லாத வேலாயுதம் சாஸ்திரத்துக்கு அதை அளந்து கொடுத்துத்தான் எட்டு நாள் குழந்தையாக அவளை வாங்கி வந்தார். முப்பத்துநான்கு வருஷம் கழித்து, பெருங்காயக் கடையை அவள் பேருக்கு எழுதப்போன அன்று அவர் தம்பி ரத்தினசாமி வந்து நின்றார்.

"டப்பாவுல ஜெனுயின்னு போட்டிருக்கீங்க. கல்லாவுல மட்டும் தவிட்டுப் பிள்ளையாண்ணே?"

டப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தையைத் தேர்ந்தெடுத்ததே மங்களேஸ்வரிதான். சுருக்கென்றது.

"அதென்னம்மா ஜெனுவைனு?" என்றார் வேலாயுதம்.

"ஜெனுயின்ப்பா. அசல்னு அர்த்தம்."

"எந்த ஊர்ச் சரக்கு?"

"லத்தீன். முழங்கால்ங்கிற சொல்லுலேருந்து வந்ததுன்னு சிலர் சொல்றாங்க. ரோமாபுரியில அப்பன் பிள்ளையை முழங்கால்ல உக்கார வச்சா, அது அவன் பிள்ளைன்னு ஊருக்கே தெரிஞ்சிருமாம்."

"இவ்வளவுதானா!" போன வருஷம் ஆபரேஷன் செய்த முட்டியைத் தட்டினார். "வா."

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் பார்க்க, கூசிக்கொண்டே உட்கார்ந்தாள். அடியில் அவர் கால் நடுங்குவது தெரிந்து எழப்போனவளை அவர் கை விடவில்லை.

"எழுதிக்கோ தம்பி. கொடுத்தது ஒரு படி தவிடு. வந்தது எழுபத்திரண்டு கிலோ. பாக்கியை நீயே கழிச்சுச் சொல்லு."