தோளில் நான்கு பள்ளங்கள்

ராஜகீழ்ப்பாக்கத்துச் சிற்பி சம்பத்துக்கு மாடலாக உட்கார ஆள் கிடையாது. வீட்டிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, தன்னையே 3D ஸ்கேனரால் ஸ்கேன் செய்துகொள்வார். படப்பையில் பட்டறை வைத்திருந்த ஹனீஃபா அந்த ஃபைலைப் போட்டு மெஷினில் தெர்மாகோலை வெட்டித் தருவார். அதன்மேல் களிமண் அப்பி, மற்றதை விரலால் பார்த்துக்கொள்வார் சம்பத்.

2008-இல் அப்படி வந்த உருவத்தின் இடது தோளில் நான்கு சின்னப் பள்ளங்கள் இருந்தன. மெஷின் கோளாறாக இருக்கும் என்று மறுபடி ஸ்கேன் செய்து கொடுத்தார். அதே இடத்தில் அதே நான்கு.

"ஸ்கேன் எடுக்கசொல்ல பின்னாடி யார்னா நின்னுகினு இருந்தாங்களா சார்?" என்றார் ஹனீஃபா.

"என் வீட்ல யாருப்பா இருக்காங்க?"

"அப்போ பள்ளத்த அடைச்சிடவா?"

சம்பத் அவற்றில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். விரல்கள் பெரியவை; இறங்கவில்லை.

"வேணாம், இருக்கட்டும்."

அடுத்த மாதம் ஸ்கேனுக்கு உட்காரும்முன், நின்று நின்று கால் கடுத்திருக்குமே என்று தனக்குப் பின்னால் இன்னொரு ஸ்டூலைப் போட்டார்.

இந்த முறை தோளில் பள்ளம் இல்லை. முதுகில், ஒரு கன்னம் சாய்ந்த அளவுக்கு, அழுந்தியிருந்தது.