மெஷின் போட்ட படம்

மல்லாட்டையை உடைத்து உடைத்து தாஹிராவின் கட்டைவிரல் காந்தியது. மண்டிக்காரர் சாயங்காலம் வந்து வேர்க்கடலைப் பருப்பை எடுத்துப் போவார். மடியில் கைக்குழந்தை முன்னி தூங்கிக்கொண்டிருந்தாள். கை முறத்தில் இருந்தாலும் காது மட்டும் வாசல் குழாயிலேயே இருந்தது.

குழாய் 'புஸ்' என்றது. கொஞ்சம் காற்று வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

"வந்துட்டுதா?" என்று கேட்டபடி பக்கத்து வீட்டு ஜெயம் தன் முறத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"காத்துதான் வருது அக்கா."

"கடைசி வீட்டுக்கு வேற இன்னா வரும்? எனக்கே அரைக் குடந்தான் வந்துது." ஜெயம் ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் படம் போடறவன் பொண்டாட்டி, குடத்தத் தூக்கிகினு சந்து முழுக்க நடக்கறா. நல்லா வாச்சான் உனக்கு."

தாஹிரா அடுத்த மல்லாட்டையை உடைத்தாள். போன வாரம் வரைக்கும் அவளும் மனசுக்குள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்துக்கு ரெண்டு வாய். கடைத்தெரு பக்கம் முதல் வீடு தாஹிராவுடையது. கோட்டை மலைப் பக்கம் முதல் வீடு ரத்தினம்மாளுடையது. குழாயை எந்தப் பக்கமிருந்து இழுத்தாலும் தண்ணி வரும், ஆனால் கடைசி வீட்டுக்குச் சொட்டுதான் என்று குழாய் போட வந்த ஓவர்சியர் முதலிலேயே சொல்லிவிட்டார். கடைத்தெரு பக்கமிருந்து படம் வரைந்து வந்தார். மலைப் பக்கத்துக்காரர்கள் கிழித்தார்கள். மாற்றி வரைந்து வந்தார். இந்தப் பக்கத்துக்காரர்கள் கிழித்தார்கள். மனுஷன் சலித்துப்போய், சம்பந்தம் சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் புதுசாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதே, அது சொல்கிறபடி செய்துகொள்ளுங்கள் என்றார்.

அந்தக் கம்ப்யூட்டரைத் தட்டுகிற ஆள் தாஹிராவின் புருஷன் ரசூல். கேட்டதுமே அவளுக்குக் குடம் சுமக்கிற இடுப்பு பாதி லேசானது.

படம் வந்தது. ஓரமெல்லாம் ஓட்டை போட்ட பேப்பரில் கட்டம் கட்டமாக வீடுகள், நடுவில் கோடுகள். உச்சியில் தண்ணி டேங்க். அதற்கு அடுத்து ரத்தினம்மாள் வீடு. ஆகக் கீழே ரசூல் வீடு.

"மெஷினே போட்டுது, நான் இன்னா பண்றது" என்றான் ரசூல்.

முன்னே கிழித்த கைகளெல்லாம் இந்தப் பேப்பரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. மெஷினுக்கு ஓரவஞ்சனை கிடையாது என்று சொல்லிவிட்டு எல்லாரும் கலைந்து போனார்கள். குழாயும் புதைத்தாகிவிட்டது. தாஹிராதான் ரசூலோடு பேச்சை நிறுத்தினாள்.

போன வாரம் சாப்பாட்டுக் கேரியரோடு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனபோது சம்பந்தம் சார் கத்திக்கொண்டிருந்தார். ஏதோ சொசைட்டிக்கு யாருக்குக் கீழே யார் என்று படம் போடச் சொன்னால், தலைவரைக் கொண்டுபோய் கிளார்க்குக்குக் கீழே போட்டிருக்கிறானாம் ரசூல்.

"மாத்திடறேன் சார்" என்றான் அவன்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக வரிகள். வரிக்கு ரெண்டு பேர், நடுவில் அம்பு மாதிரி ஒரு குறி. முன்னால் இருந்த பெயரைப் பின்னாலும், பின்னால் இருந்ததை முன்னாலும் தட்டினான். அப்புறம் கீழே ஒரு வார்த்தையைத் தட்டி விட்டான். பிரிண்டர் கரகரவென்று இழுத்தது. தலைவர் உச்சியில் போய் உட்கார்ந்திருந்தார்.

தாஹிரா அவனை மாடிப்படிக்குக் கூட்டி வந்தாள்.

"அப்போ மெஷினு எதையும் யோசிக்கல. நீங்க எழுதறதத்தான் வரையுது."

ரசூல் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"பச்சைமுத்து அண்ணன் படுத்த படுக்கையா கிடக்கறாரு. ரத்தினம்மாள் அக்காவுக்குப் புருஷன் துணிய அலசி அலசி கையே வெளுத்துப்போச்சு. அவர வுட்டுட்டு குடத்த எடுத்துகினு அது எங்க போவும்?"

"அத சந்துல வாயத் தெறந்து சொல்றதுதான?"

"நான் போட்டன்னு தெரிஞ்சா இதையும் கிழிப்பாங்க. மெஷின் போட்டுதுன்னாதான் அடங்கறாங்க. கடைசி வீடு நம்முதுதான? யாரு சண்டைக்கு வரப்போறாங்க?"

"நான் வரல?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

"இன்னாடி பேச்சையே காணோம்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயம் அவள் தொடையைத் தட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நெசமா சொல்லு. உன் வீட்டுக்காரன்தான் உள்ள ஏதோ மாத்தி வச்சிட்டான்னு நம்ம பக்கத்துக்கார உத்திராபதி சொல்றாரு. அப்படி மட்டும் இருந்தா பைப்ப நோண்டி எடுத்து இந்தப் பக்கமா திருப்பிடுவோம். அப்புறம் உன் வீடுதான் மொத வீடு. வாசல்லயே புடிச்சிக்கலாம். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

தாஹிராவின் கை நின்றது. காந்துகிற கட்டைவிரலைப் பார்த்தாள். எட்டி, வாசலில் கவிழ்ந்து கிடந்த குடத்தையும் பார்த்தாள்.

அப்புறம் இன்னொரு மல்லாட்டையை எடுத்து உடைத்தாள்.

"மெஷின்தான் அக்கா போட்டுது. மனுஷன் போட்டிருந்தா, கைப்புள்ளக்காரி பொண்டாட்டிய வச்சிகினு, தன் வீட்டப் போயி கடைசியில…"

"தாஹிரா, குடத்த எடுத்துகினு வாம்மா" என்று சந்தின் அந்தக் கோடியிலிருந்து ரத்தினம்மாள் கூப்பிட்டாள்.