மொட்டையன் பக்கம்

“நீ மொதல்ல சொல்லுட்டி. சின்னவங்கதான் மொதல்ல.”

அது பழைய சட்டம். பேத்திக்கு ஏழு வயதானபோது தாத்தா போட்டது. டிவி ரெஸ்லிங்கில் மோதும் இரண்டு பேரில் அவள் ஒருவனைச் சொல்ல வேண்டும். மிச்சமிருப்பவன் தாத்தாவின் ஆள்.

அப்போது பந்தயம் ஒரு கடலை மிட்டாய்.

இன்று அப்படியில்லை. தாத்தா தோற்றால் சென்னைக்குப் போக வேண்டும், பெரியப்பா வீட்டுக்கு. ஆச்சி கோவைக்கு, பேத்தியின் வீட்டுக்கு. ஆளுக்கு ஒருவர் என்று மகன்கள் இரண்டு பேரும் பேசி முடித்தாயிற்று. தாத்தா ஜெயித்தால் இந்தப் பேச்சை இனி யாரும் எடுக்கக் கூடாது.

ஆச்சி குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து ஆறு மாதமாக இதே பேச்சுதான். தாத்தா மசியவில்லை. போனா ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு, இல்லன்னா பாளையங்கோட்டையிலயே கெடப்போம் என்று போனை வைத்துவிடுவார்.

“நீ போய்ச் சொன்னாத்தான் கேப்பாரு” என்று அப்பா அவளை அனுப்பினார்.

அம்மா அதற்கும் ஒரு படி மேலே. ஆச்சியின் துணிக்கென்று ஒரு காலிப் பையை மடித்து, அவளுடைய பைக்குள் அடியில் வைத்து அனுப்பியிருந்தாள்.

மத்தியானம் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. ஆச்சி தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்திருந்தாள். போதும் போதும் என்றாலும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அந்தச் சொதியைச் சாப்பிட்டுக்கொண்டே, உங்களைப் பிரித்துக் கூட்டிப் போக வந்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

அதனால்தான் பந்தயம். விளையாட்டுபோல அவளே ஆரம்பித்தாள். தாத்தாவும் சிரித்துக்கொண்டே சரியென்றார்.

மணி ஆறு. டிவியில் ரெஸ்லிங்.

ஒருவன் மொட்டையன், ஒருவன் சடையன். அவர்களுக்கு அமெரிக்காவில் வேறு பெயர் உண்டு. இந்த வீட்டில் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

மொட்டையன் மலைபோல் இருந்தான். பட்டம் அவனிடம் இருந்தது. எட்டு மாதமாகத் தோற்றதில்லை. சடையனோ போன வாரம்தான் காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு போனான். பைத்தியக்காரன்கூட அவன் பக்கம் பந்தயம் கட்டமாட்டான்.

“சடையன்,” என்றாள் அவள்.

தாத்தா அவளைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“சரி. மொட்டையன் என் ஆளு.”

சண்டை காலையிலேயே முடிந்துவிட்டது. இது மறு ஒளிபரப்பு. யார் ஜெயித்தது என்று வரும் வழியில் பஸ்ஸிலேயே அவள் போனில் பார்த்துவிட்டாள். வயதானவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று அப்போது தோன்றியது.

இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது வெட்கம் மட்டும்தான். கடலை மிட்டாய்க்குக்கூட அவள் இவரை ஏமாற்றியதில்லை.

தாத்தா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“அடிலே! அந்தக் கட்டுப் போட்ட காலப் புடிலே!”

மொட்டையன் பிடித்தான். தாத்தா தொடையைத் தட்டினார். சடையன் கயிற்றின்மேல் ஏறினான். தாத்தா தலையில் கைவைத்துக்கொண்டார். எண்பத்திரண்டு வயது நெஞ்சு இதையெல்லாம் தாங்குமா என்று அவளுக்குப் பயமாகவே இருந்தது. டிவியை நிறுத்திவிடலாமா? நிஜத்தைச் சொல்லிவிடலாமா?

சொல்லவில்லை. அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமும் கூடவே இருந்தது.

வழக்கமாக இந்த வீட்டில் தாத்தாவைவிடச் சத்தமாகக் கத்துவது ஆச்சிதான். இன்று கீரையிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

மொட்டையன் விழுந்தான்.

நடுவர் தரையில் அடித்தார். தாத்தாவும் நாற்காலிக் கையில் அடித்து எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

மொட்டையன் எழுந்திருக்கவில்லை.

தாத்தாதான் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“சொன்னா சொன்னதுதான். நாளைக்கு ஆச்சி ஒன்கூட வருவா. நான் சென்னை ரயில்ல ஏறிக்கிடுதேன்.”

உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

ஜெயித்தவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“காலையில அஞ்சரைக்கே பாத்தாச்சு தாயி,” என்றாள் ஆச்சி, ஒரு காம்பை உருவியபடியே. “நேரடியாப் போடுவான்லா. நாலு மணிக்கே முழிப்புத் தட்டிருது. தெனம் ரெண்டு பேரும் காப்பியக் குடிச்சிட்டு டிவி முன்னால உக்காந்திருவோம். மொட்டையன் விழுந்ததும் ஒங்க தாத்தா காப்பியப் பூராக் கீழ ஊத்திட்டாரு. அந்தா பாரு, இன்னும் கறை போவல.”

பார்த்தாள். நாற்காலிக் காலடியில் கறை இருந்தது.

அந்த ஒரு நொடி அவர் எதைப் பார்த்தார் என்று இப்போது தெரிந்தது. எல்லாம் தெரிந்துதான் அவ்வளவு கத்தியிருக்கிறார்.

ஆச்சி கீரைத் தட்டை ஒதுக்கி வைத்தாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் முகத்தில். இருந்திருந்தால் தேவலை.

உள்ளேயிருந்து தாத்தாவின் குரல் வந்தது.

“ஏட்டி, எங்ககிட்ட ஒத்தப் பைதான் இருக்கு. எங்க போனாலும் ரெண்டு பேரு துணியும் அதுலயே அடங்கிரும்.”

பீரோ மூடும் சத்தம் கேட்டது.

“நீ ஒண்ணு கொண்டாந்திருப்பெல்லா?”