ஊஸ்த் சோல்மாவில் பனி உடைகிறது

ரவுண்ட் ராக் ஊரின் காலை வெயில் அறை ஜன்னல் வழியாக லேப்டாப்பில் விழுகிறது. திரையில் ரஷ்யாவின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் ஊஸ்த் சோல்மா என்ற ஆற்றங்கரை ஊர். நாலைந்து மரவீடுகள், ஒரு விளக்குக் கம்பம், உறைந்த கரையில் சிக்கிய நீலப் படகு, அதைச் சொந்தம் கொண்டாடும் மஞ்சள் நாய். படகுத்துறை கேமராவின் இணைய நேரலையில் நவம்பரிலிருந்து இந்த ஊரைப் பார்ப்பதுதான் சபரிக்கும் அறைத்தோழன் ஃபைஸுக்கும் உண்மையான கல்லூரிப் படிப்பு. ஆற்றுப்பனி உடைவதைச் சேர்ந்துதான் பார்ப்பது என்று சத்தியம். அதற்காகவே ஸ்பிரிங் பிரேக் விடுமுறைக்குக் கலிஃபோர்னியா மாமா வீட்டுக்குப் போகாமல் காவல் இருந்தவன் சபரி. இப்போது பனி உடைகிறது. வெள்ளைப் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முனகுகின்றன. சபரி டூத்பிரஷ்ஷோடு நிற்கிறான்; நுரை முழங்கையில் வழிகிறது. ஃபைஸ் சாவகாசமாகக் கிண்ணத்தில் பால் ஊற்றிய சீரியலைக் கிளறுகிறான். “இப்ப நாய் ஓடும் பாரு மச்சான்.” நாய் ஓடுகிறது. “படகு ஆடும் பாரு.” படகு ஆடுகிறது. பிரஷ் நின்றுவிடுகிறது. திரையின் மூலையில், சின்ன எழுத்தில், நேற்றைய தேதி.

“டேய், இது நேத்தே உடைஞ்சிருச்சா?”

“நீ லேப்ல இருந்த மச்சான். டிஸ்டர்ப் பண்ண வேணாம்னு... உனக்காகத்தான் ரீவைண்ட் பண்ணி வச்சேன்.”

சபரி ‘லைவ்’ பொத்தானை அழுத்துகிறான். ஆறு ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கிறது. படகு இல்லை. அது கிடந்த இடத்தில் நாய் மட்டும் உட்கார்ந்து, தண்ணீர் போகும் திசையைப் பார்க்கிறது.

“அந்த நாய்கூட நேர்ல பாத்திருக்குடா,” என்கிறான் சபரி.